ஒரு விரல் அகலக் கட்டம்

விண்ணப்பத்தில் எல்லாவற்றுக்கும் இடம் விட்டிருக்கிறார்கள்.
பெயருக்கு முழு வரி: ஒதிலியா மார்தொரெல்.
படிப்புக்கு நான்கு வரி,
எனக்கு ஒன்றரையே போதுமாயிற்று.
அனுபவத்துக்கு மட்டும்
ஒரு விரல் அகலக் கட்டம்.
பக்கத்தில் அச்சிட்டிருக்கிறது: ஆண்டுகள்.

வால்பராய்சோ துறைமுகத்தில் இன்று மூடுபனி.
கிரேன்களுக்குத் தலை இல்லை.
குன்றேறும் பெட்டி பாதி வழியில் கரைந்து
மேலே போய் மறுபடி உருக்கொள்கிறது.
மேலாளர் வேலைக்கு ஆறு பேர் காத்திருக்கிறோம்.
பக்கத்து இளைஞனின் கோப்பில் சான்றிதழ்கள்
பிளாஸ்டிக் உறைக்குள் ஈரம் படாமல் தூங்குகின்றன.
நல்லவன்தான்.
இந்தப் பேனா அவனுடையது.

கணக்குப் போடுகிறேன்.

பாத்திரம் கழுவியது மூன்று.
திரும்பி வரும் தட்டுக்குப் பொய் தெரியாது.
"அருமை" என்று கை குலுக்கிப் போனவர்
நாப்கினுக்கு அடியில்
பாதி மீனை அடக்கம் செய்திருப்பார்.

பரிமாறியது ஐந்து.
இதில் நிலநடுக்கங்களை எப்படிச் சேர்ப்பது?
முதலில் பேசுவது
கம்பியில் தலைகீழாகத் தொங்கும் ஒயின் கோப்பைகள்.
மெல்லக் கிணுகிணுத்தால்
ரொட்டிக் கூடையை வைத்துவிட்டுச் சிரிக்கலாம்.
ஊர்க்காரர்கள் கரண்டியைக்கூடக் கீழே வைக்கமாட்டார்கள்,
வெளியூர் முகங்களைத்தான் கவனிக்கவேண்டும்.
கோப்பைகள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டால்
முதலில் கேஸ்,
அடுத்தது எண்ணெய்ச் சட்டிக்கு மூடி,
கத்துவதெல்லாம் அதற்குப் பிறகு.
அந்தச் சத்தத்துக்கும் இந்தச் சத்தத்துக்கும் நடுவே
மூன்று நொடி இருக்கிறது.
ஆண்டுகளில் அது எவ்வளவு?

கொள்முதல் நான்கு.
விடியுமுன் மீன்துறை, ரப்பர் பூட்ஸ், கையில் சில்லறை.
கிழட்டு எஃப்ராயின்
மீன் மோசமான அன்று விலையை உரக்கக் கூவுவான்,
நல்ல மீன் வந்த அன்று
யாரிடமும் சொல்ல மனமில்லாதவன்போல் முணுமுணுப்பான்.
முணுமுணுப்பை வாங்கப் பழகினேன்.

ஆக, பன்னிரண்டு.
கட்டத்துக்குள் அழகாக உட்கார்ந்துகொண்டது.

பிறகு அந்த எட்டு மாதம்.

முதன்முதலில் என்னை மேலாளர் என்று அழைத்த இடம்.
ஒரு வெள்ளிக்கிழமை
குளிர்பெட்டியின் ரீங்காரத்தில் ஒரு பிசிறு.
கேட்டது, கேட்காமலில்லை.
அறுபத்திரண்டு பேர் மேசை சொல்லியிருந்தார்கள்,
மெக்கானிக்குக் காத்திருந்தால் வியாபாரம் போய்விடும்.
மட்டி நன்றாகத்தான் மணந்தது என்று
என் மூக்குக்கு நானே சொல்லிக்கொடுத்தேன்.
பள்ளி ஆசிரியர்களின் பிரிவுபசார விருந்து.
பதினோரு பேர் மருத்துவமனையில்.
"நல்லவேளை, யாரும் சாகவில்லை" என்றார்கள் ஆறுதலாக.
அந்த வாக்கியத்தின்மேல்
எனக்கு இன்றும் உறக்கம் வருவதில்லை.

இதுவரை ஏழு விண்ணப்பங்களில்
அந்த எட்டு மாதத்தை விழுங்கிவிட்டேன்.
இன்று ஏனோ கை கேட்கவில்லை.
கட்டத்தில் இடமில்லாததால்
வெளியே, ஓரத்தில்: "மேலும் 8 மாதம்".

உரிமையாளர் பால்தசார் உருத்தியாவின் விரல்
பன்னிரண்டைத் தாண்டி ஓரத்தில் நின்றது.
"இது ஏன் கோட்டுக்கு வெளியே விழுந்திருக்கிறது?"
சொன்னேன்.
பிசிறை, மட்டியை, பதினொன்றை.
முகத்தில் ஒன்றும் எழுதாமல் கேட்டார்.
எழுந்து சமையலறைக் கதவைத் தள்ளினார்,
பின்னால் போனேன்.
சுவரோரம் அவருடைய குளிர்பெட்டி, ஆள் உயரம்,
தன்பாட்டுக்கு முனகிக்கொண்டு.

"கேளுங்கள்" என்றார்.

கன்னத்தை உலோகத்தில் வைத்தேன்.
சில்லென்றுதான் இருந்தது,
ஆனால் ஆறேழு மூச்சுக்கு ஒருமுறை
உள்ளே எதுவோ கால் இடறியது.
"விசிறி. இன்றே ஆள் வரவேண்டும்.
மதியத்துக்கு மட்டி வேண்டாம்."

சரி என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை.
வாசல் கரும்பலகைக்குப் போய்
சட்டைக் கையால்
மூன்றாவது வரியை அழித்தார்.

வெளியே வந்து பேனாவைத் திருப்பிக் கொடுத்தேன்.
"என்ன கேட்டார்?" என்றான் இளைஞன்.
"குளிர்பெட்டியைப் பற்றி."
அவசரமாகக்
கோப்பைப் புரட்டத் தொடங்கினான்.